பந்தோடு ஓடுவதா, பந்தை எறிவதா?

1971-ஆம் ஆண்டு ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்ற ஆய்விதழில் அமெரிக்கன் ஃபுட்பால் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இருவர். ஒருவர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் மாக்கோல். இன்னொருவர் விர்ஜில் கார்ட்டர், சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் குவார்ட்டர்பேக். மைதானத்தில் பந்தை எறிகிற மனிதரே, உட்கார்ந்து அதன் மதிப்பு என்ன என்று கணக்கும் போட்டிருந்தார். 1969 சீசனின் முதல் 56 ஆட்டங்கள், 8,373 பிளேக்கள் (பந்தை நகர்த்தும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு பிளே). ஒவ்வொரு முறை பந்து நகரும்போதும் அது எந்த இடத்தில் இருந்தது, அடுத்த புள்ளியை யார் எடுத்தார்கள் என்பதுதான் அவர்கள் தேடியது. இந்த விளையாட்டில் இன்று நடக்கிற எண் ஆராய்ச்சி முழுக்க அங்கேதான் வேர் விட்டது என்று நான் நினைக்கிறேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இவ்வளவு போதும். மைதானம் 100 யார்டு. பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். ஒவ்வொன்றுக்கும் ‘டவுன்’ என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மறுபடி புதிதாக 4 டவுன் கிடைக்கும். எதிரணியின் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி. அது முடியாவிட்டால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி எடுக்கலாம். அதுவும் ஆகாது என்றால், பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டியதுதான். முன்னேற வழி இரண்டு. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுவது ரன். முன்னால் ஓடும் ஆளுக்கு எறிவது பாஸ்.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் இன்றைய ஆட்டங்களில் ஒரு ரன் சராசரியாக 4 யார்டுக்குச் சற்று மேல் தருகிறது. ஒரு பாஸ் முயற்சி சுமார் 7 யார்டு தருகிறது. எறிவதற்கு முன்பே குவார்ட்டர்பேக் பிடிபட்டு இழக்கும் யார்டுகளைக் கழித்தால் 6 சொச்சம். அப்படியானால் பாஸ்தானே மேல் என்று தோன்றும். ஆனால் பழைய பயிற்சியாளர்கள் விடாமல் சொல்லிவந்த வசனம் ஒன்று உண்டு: பந்தை எறிந்தால் மூன்று விதமாக நடக்கலாம், அதில் இரண்டு கெட்டது. பிடிக்கலாம், தரையில் விழலாம், எதிரணிக்காரன் பறித்துவிடலாம். இந்த மூன்றாவதற்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அதன் பெயர் இன்டர்செப்ஷன்.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்ததா என்று எண் வைத்தே பார்த்துவிடலாம். ஓர் இன்டர்செப்ஷன் சுமார் 45 யார்டு நஷ்டத்துக்குச் சமம் என்பது இத்துறையில் நெடுநாளாகப் புழங்கும் மதிப்பீடு. இப்போது 100 பாஸில் 2 அல்லது 3 பறிபோகிறது. 45 யார்டை அத்தனை பாஸுக்கும் பிரித்துப் போட்டால் பாஸ் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 யார்டு அபராதம். 6-லிருந்து 1 போனாலும் 5 மிச்சம். ரன்னைவிட இன்னும் மேலே. சரி, 1977-க்குப் போவோம். அப்போது எறிந்த பாஸ்களில் பாதிதான் பிடிபட்டன. 100-க்கு 5, 6 பறிபோயின. பாஸுக்கு நிகரமாகக் கிடைத்தது சுமார் 5 யார்டு, அதில் இன்டர்செப்ஷன் அபராதம் மட்டுமே 2.5. ரன்னோ 4 யார்டுக்குச் சற்றுக் கீழே. ரன்னிலும் பந்து கைநழுவிப் போவதுண்டு, ஆனால் அது அரிது. ஆக, அந்தக் காலத்துப் பயிற்சியாளர்கள் பழமைவாதத்தால் ஓடவில்லை. அவர்கள் கணக்கு அப்போது சரிதான்.

அதை மாற்றியது விதி. 1978-இல் என்எஃப்எல் இரண்டு திருத்தங்கள் கொண்டுவந்தது. பந்து வாங்க ஓடும் ரிசீவரை 5 யார்டுக்கு அப்பால் தடுப்பாட்டக்காரர் இடிக்கக் கூடாது. குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசைக்காரர்கள் கையை நீட்டி, உள்ளங்கையை விரித்துத் தடுக்கலாம். அந்த இடிக்கும் விதியை 2004-இல் இன்னும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்கள். எறிகிறவருக்கு அரை விநாடி கூடுதலாகக் கிடைத்தது, வாங்குகிறவருக்கு வழி கிடைத்தது. பாஸ் வளர்ந்தது.

இதற்கு முன்பே இன்னொரு வழியும் பிறந்திருந்தது, அதிலும் நம் கார்ட்டர் இருக்கிறார். பெங்கால்ஸின் முதன்மைக் குவார்ட்டர்பேக் தோள்பட்டை காயத்தால் விலக, 1970-இல் அந்த இடத்துக்கு இவர் வந்தார். தூரம் எறியும் பலம் இவர் கைக்கு இல்லை. குறி மட்டும் தவறாது. துணைப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அந்தக் கைக்கு ஏற்றபடி ஒரு முறை வகுத்தார்: மைதானத்தின் குறுக்கே, சின்னச் சின்ன, உடனடிப் பாஸ்கள். ஓட்டத்தின் வேலையைப் பாஸ் செய்தது. 1971-இல் லீக்கிலேயே அதிக விழுக்காடு பாஸ்களைச் சேர்ப்பித்தவர் கார்ட்டர்தான், 62 விழுக்காடு. பிற்காலத்தில் ‘வெஸ்ட் கோஸ்ட் அஃபென்ஸ்’ என்று பெயர் பெற்றதற்கு இதுதான் ஆரம்பம்.

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். ரன்னுக்கு 4.3 யார்டு என்றால் மூன்று முறை ஓடினாலே 12.9 ஆகிவிடுமே, 10 யார்டுதானே வேண்டும்? ஓடிக்கொண்டே இருக்கலாமே? இந்த இடத்தில் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. பெரும்பாலான ரன்கள் 2, 3 யார்டில் அடங்கிவிடும். எப்போதாவது ஒருவர் கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு 40 யார்டு ஓடுவார். சராசரியை மேலே இழுத்துப் பிடிப்பது அந்த ஓட்டம்தான். நடுவில் நிற்கும் ரன் 3 யார்டு. மூன்று தடவை 3 என்றால் 9. நான்காவது டவுனில் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள் என்பதால், ஒரு யார்டு குறைந்ததற்கே பந்து போய்விடும்.

அதனால்தான் கார்ட்டரும் மாக்கோலும் யார்டை விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்தார்கள். இந்த இடத்தில் முதல் டவுன் இருந்தால், அடுத்து வரும் புள்ளி சராசரியாக யாருக்கு, எவ்வளவு? தன் கோட்டிலிருந்து 5 யார்டில் நிற்கும் அணிக்கு விடை சுமார் மைனஸ் 1.2. பந்து தன் கையில் இருந்தும் மைனஸ்! அந்த மூலையிலிருந்து அடுத்த புள்ளியை எதிரணி எடுப்பதற்கே வாய்ப்பு அதிகம். தன் பக்கம் 25 யார்டில் 0.2. எதிரணிக் கோட்டுக்கு 5 யார்டு முன்னால் 6. மழை வந்தால் கிரிக்கெட்டில் போடும் டக்வொர்த்–லூயிஸ் அட்டவணை, மிச்சமிருக்கும் ஓவருக்கும் விக்கெட்டுக்கும் ஒரு மதிப்பு வைக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அதே எண்ணம்.

இந்த அளவுகோலை வைத்துவிட்டால் ஒரு பிளேயின் மதிப்பு அது தந்த யார்டு இல்லை. பிளேக்கு முன்பும் பின்பும் உள்ள எதிர்பார்ப்பின் வித்தியாசம். முதல் டவுனில் 4 யார்டு ஓடினால் அரங்கமே கைதட்டும். ஆனால் இரண்டாவது டவுன், இன்னும் 6 யார்டு என்ற நிலை, தொடங்கிய நிலையைவிட ஏறக்குறைய மேலும் இல்லை, கீழும் இல்லை. 3 யார்டு ஓடினால் நஷ்டம். இப்படி எல்லாப் பிளேயையும் கூட்டினால் சராசரி ரன் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது, சராசரி பாஸ் சற்று மேலே.

அப்படியென்றால் ஏன் எப்போதும் பாஸ் எறியக் கூடாது? ஏனென்றால் எதிரே 11 பேர் நிற்கிறார்கள், அவர்களும் யோசிக்கிறார்கள். பாஸ் மட்டுமே வரும் என்று தெரிந்தால் எல்லோரும் பின்வாங்கி நின்று பாஸைக் கெடுத்துவிடுவார்கள். ஆட்டக் கோட்பாடு சொல்வது இதுதான்: பாஸின் விகிதத்தைக் கூட்டக் கூட்ட அதன் பலன் குறையும், ரன்னின் பலன் கூடும், இரண்டும் சமமாகும் புள்ளியில் நிறுத்த வேண்டும். சமமாகவில்லை என்றால் மேலே இருப்பதை இன்னும் அதிகம் பயன்படுத்தலாம் என்று பொருள். 2009-இல் கென்னத் கோவாஷ், ஸ்டீவன் லெவிட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் என்எஃப்எல் அணிகளை ஆராய்ந்து, அவை தேவைக்கும் குறைவாகவே பாஸ் எறிகின்றன என்று கண்டார்கள். இன்னொன்றும் கண்டார்கள்: இந்த முறை ரன் என்றால் அடுத்த முறை பாஸ் என்று அணிகள் அளவுக்கு மீறி மாற்றி மாற்றி ஆடுகின்றன. கணிக்க முடியாதபடி ஆடுவதாக நினைத்துக்கொண்டு கணிக்கக்கூடியவர்களாக ஆகிவிடுகிறார்கள்.

‘30 தடவைக்கு மேல் ஓடினால் இந்த அணி தோற்றதே இல்லை’ என்று தொலைக்காட்சியில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எண் உண்மையாகவே இருக்கலாம். காரணத்தைத்தான் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். பாஸ் தரையில் விழுந்தால் கடிகாரம் நின்றுவிடும். ரன் முடிந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், அடுத்த பிளேக்கு 40 விநாடி வரை எடுத்துக்கொள்ளலாம். முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால்மணியில் ஓடி ஓடி நேரத்தைத் தின்னும். பின்தங்கிய அணியோ வேறு வழியில்லாமல் எறிந்துகொண்டே இருக்கும். ஓடியதால் ஜெயிக்கவில்லை, ஜெயித்துக்கொண்டிருந்ததால் ஓடினார்கள்.

கடிகாரம் உள்ளே வந்துவிட்டால் புள்ளிக் கணக்கும் போதாது. இரண்டு சூப்பர் பவுல் இறுதியாட்டங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் எதிரே நின்றது நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ்.

2015 பிப்ரவரி 1. சியாட்டில் சீஹாக்ஸ் 28–24 என்று பின்தங்கி, கோட்டுக்கு ஒரே ஒரு யார்டு முன்னால் நிற்கிறது. 26 விநாடி, 3 டவுன், கடிகாரத்தை நிறுத்த ஒரே ஒரு டைம் அவுட். பந்தோடு ஓடுவதையே வேலையாகக் கொண்ட ரன்னிங் பேக் மார்ஷான் லிஞ்ச் பக்கத்திலேயே நிற்கிறார். முந்தைய பிளேயில் 4 யார்டு இடித்துக்கொண்டு வந்தவர். குவார்ட்டர்பேக் ரசல் வில்சன், ரிசீவர் ரிக்கார்டோ லாக்கெட்டுக்கு எறிகிறார். மால்கம் பட்லர் என்ற பேட்ரியட்ஸின் புதுமுக ஆட்டக்காரர் பாய்ந்து பறிக்கிறார். பயிற்சியில் இதே பிளேயில் ஏமாந்தவர். இந்த முறை அணிவகுப்பைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். அன்றிலிருந்து இது சரித்திரத்திலேயே மோசமான முடிவு என்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முதல் இரண்டும் ரன்னாகித் தோற்றால் மூன்றாவதற்கு நேரம் இருக்காது. மூன்று வாய்ப்பையும் பயன்படுத்த வேண்டுமானால் ஒன்றாவது பாஸாக இருந்தே ஆக வேண்டும். அந்த சீசனில் லிஞ்ச் ஒரு யார்டிலிருந்து 5 முறை ஓடி ஒரு முறைதான் கோடு தாண்டியிருந்தார். அதே சீசனில் அதே தூரத்திலிருந்து லீக் முழுவதிலும் எறிந்த பாஸ்களில் ஒன்றுகூட அதுவரை பறிபோனதில்லை. முடிவு சரியானது. விளைவு கெட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

2017 பிப்ரவரி 5. அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28–3 என்று முன்னிலை பெற்று, பிறகு 28–20 வரை இறங்கியிருந்தது. 4 நிமிடம் 40 விநாடி மிச்சம். ஜூலியோ ஜோன்ஸ் கோட்டோரத்தில் நம்பவே முடியாத ஒரு பாஸைப் பிடித்து, பந்தை எதிரணியின் 22 யார்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அங்கிருந்து உதைத்தால் 3 புள்ளி, 11 புள்ளி இடைவெளி, கதை முடிந்தது. ஒரு ரன், மைனஸ் 1. அப்புறம் பாஸுக்குப் பின்வாங்கிய குவார்ட்டர்பேக் மாட் ரயன் பிடிபட்டார், 12 யார்டு போச்சு. அடுத்து ஒரு தவறுக்கு 10 யார்டு தண்டனை. உதைக்கும் தூரமே கைவிட்டுப் போய், பந்தை ஒப்படைத்தார்கள். பேட்ரியட்ஸ் 91 யார்டு வந்து சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 34–28 என்று ஜெயித்தது. சராசரியில் மேலான பாஸ் அந்த ஒரு நிலையில் தப்பு. அங்கே அவர்களுக்கு யார்டு வேண்டியதில்லை. இருக்கும் இடத்தை இழக்காமல் நேரத்தைக் கரைத்தால் போதும். அந்த வேலைக்கு ரன்னைப் போல வேறில்லை.

ஒரு யார்டு மட்டும் வேண்டிய மூன்றாவது, நான்காவது டவுனிலும் ரன்தான் பாஸைவிட அதிகம் பலிக்கிறது. பின்னாலிருந்து ஆட்கள் தள்ள, குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் முட்டிக்கொண்டு போகும் பிலடெல்ஃபியா ஈகிள்ஸின் உத்தி இதன் உச்சம். அதைத் தடை செய்ய 2025-இல் 22 அணிகள் வாக்களித்தன. 24 வேண்டும், கிடைக்கவில்லை.

இதற்கிடையே ஆட்டக் கோட்பாடு தன் வேலையைக் காட்டியது. பாஸுக்குப் பயந்து தடுப்பணிகள் இருவரை ஆழத்தில் நிறுத்தி, முன்னால் ஆளைக் குறைத்தன. ரன்னுக்கு வழி திறந்தது. 2024 சீசனில் ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி 2,005 யார்டு ஓடினார், ஓட்டத்துக்கு 5.8. அந்த சீசனின் சூப்பர் பவுலில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அவரைக் கட்டிப்போடுவதிலேயே கண்ணாக இருந்தது. 25 முறை ஓடி அவருக்குக் கிடைத்தது 57 யார்டு, முயற்சிக்கு 2.3. ஆளெல்லாம் அவர் பக்கம் குவிந்திருந்த அன்று ஹர்ட்ஸ் 22 பாஸ் எறிந்தார். 17 சேர்ந்தது, அதில் ஒன்று டெவான்டா ஸ்மித்துக்கு 46 யார்டு டச்டவுன். ஈகிள்ஸ் 40, சீஃப்ஸ் 22.