யார் வேண்டுமானாலும் டிவியில் பேசலாம்: பப்ளிக் ஆக்சஸ் எப்படி இயங்குகிறது?

கேபிள் டிவி பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: “அமெரிக்காவில் சாதாரண ஆள் ஒருவர் ஸ்டூடியோவுக்குப் போய்ப் பேரைப் பதிந்துவிட்டு, அரை மணி நேரம் டிவியில் தனக்குத் தோன்றியதைப் பேசலாமாமே, நிஜமா? நிஜமென்றால் கண்டபடி பேசுகிறவரை யார் தடுப்பது?”

நிஜம்தான். பப்ளிக் ஆக்சஸ் என்ற பெயரில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது நடக்கிறது. யார் தடுப்பது என்ற கேள்விக்கான பதிலில் சட்டமும் இருக்கிறது, மின்னணுவியலும் இருக்கிறது.

கேபிள் டிவி 1940களின் கடைசியில், பென்சில்வேனியா, ஒரேகான் போன்ற மாநிலங்களில் சிக்னல் எட்டாத ஊர்களில் பிறந்தது. உயரமான இடத்தில் ஓர் ஆன்டெனா, அங்கிருந்து வீடுகளுக்குக் கம்பி. அவ்வளவுதான். அமெரிக்க முறையில் ஒரு டிவி சேனலுக்கு 6 மெகாஹெர்ட்ஸ் அகலம் தேவை. வானத்தில் அந்த இடத்துக்குப் பெரிய போட்டி. பக்கத்து ஊர் நிலையத்தோடு மோதாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கோஆக்சியல் கம்பிக்குள் அந்தத் தொல்லை இல்லை. சேனல்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஆனால் அந்தக் கம்பி ஊரின் தெருவுக்கு அடியிலோ தெருக் கம்பத்தின் மேலோதான் போயாக வேண்டும். தெரு நகராட்சியுடையது. “தெருவைத் தோண்ட அனுமதி தருகிறேன், பதிலுக்கு ஊர் மக்களுக்கென்று சேனல் ஒதுக்கு” என்று நகரங்கள் கேட்டன. நியூயார்க் நகரம் 1970இல் போட்ட ஒப்பந்தங்களின்படி, மன்ஹாட்டனில் 1971 ஜூலையில் பொதுமக்கள் சேனல்கள் திறந்தன. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில், மக்களிடமே கேமராவைக் கொடுக்கும் திட்டத்தை நடத்திவிட்டு வந்த ஜார்ஜ் ஸ்டோனியும், ரெட் பர்ன்ஸும் அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மையம் தொடங்கி, ஊர்க்காரர்களுக்கு வீடியோ எடுக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அவர்கள் கையில் இருந்த கருவி சோனியின் போர்ட்டபேக். 1967இல் வந்தது. தோளில் தொங்கும் டேப் ரெக்கார்டர், கையில் கறுப்பு வெள்ளை கேமரா, அரை அங்குல டேப். ஒரே ஆள் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கலாம். ஆனால் அதில் எடுத்த படத்தை ஒளிபரப்பு நிலையங்கள் வாங்க மறுத்தன. உள்ளே என்ன பேசியிருக்கிறார்கள் என்று போட்டுப் பார்க்கும் முன்பே மறுத்தன. காரணம் ஒரு மின்துடிப்பு. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பழைய அமெரிக்க டிவிப் படம் 525 வரிகளால் ஆனது. நொடிக்குச் சுமார் 30 படங்கள். ஆக நொடிக்கு ஏறத்தாழ 15,734 வரிகள். ஒரு வரிக்குக் கிடைப்பது 63.5 மைக்ரோ நொடி. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் “இதோ புது வரி” என்று டிவிப் பெட்டிக்குச் சொல்லும் ஒரு சிறு துடிப்பு வரும். அதற்கு சிங்க் என்று பெயர், நீளம் சுமார் 4.7 மைக்ரோ நொடி. மீதியில் கண்ணுக்குத் தெரியும் படத்துக்குக் கிடைப்பது 53 மைக்ரோ நொடிக்குச் சற்றுக் குறைவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 சென்டிமீட்டர் அகலத் திரையில் அந்தத் துடிப்பு ஒரே ஒரு மைக்ரோ நொடி தாமதமாக வந்தால், அந்த வரி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். பேசுகிறவரின் மூக்கு அந்த வரியில் மட்டும் கன்னத்துக்குப் போய்விடும்.

போர்ட்டபேக்கில் டேப் ஓர் உருளையைச் சாய்வாகச் சுற்றிக்கொண்டு மெதுவாக நகரும். உருளைக்குள் இரண்டு காந்தத் தலைகள் வேகமாகச் சுழன்று, டேப்பின் குறுக்கே சாய்கோடுகளாகப் படத்தை எழுதும். ஒரு சாய்கோட்டில் அரைப் படம், அதாவது 262 வரியும் அரையும். டேப் என்பது பிளாஸ்டிக். வெயிலில் நீளும், ஈரத்தில் மாறும், இழுவிசை கூடினால் இன்னும் கொஞ்சம் நீளும். நீண்ட டேப்பில் சாய்கோடும் நீளும். துடிப்புகள் உரிய நேரத்துக்குப் பின்னால் வரும். ஒரு தலை முடித்து அடுத்த தலை தொடங்கும் இடத்தில் அந்தப் பிழை மொத்தமாகத் துள்ளும். அதனால் படத்தின் மேல் விளிம்பு ஒரு பக்கமாக வளைந்து படபடக்கும். பழைய வீடியோ கேசட் பார்த்தவர்களுக்கு அந்த வளைவு நினைவிருக்கும்.

வீட்டு டிவி இதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வருகிற துடிப்புகளின் சராசரியைப் பின்தொடர்ந்து தன்னைச் சரிசெய்துகொள்ளும் சுற்று அதில் உண்டு. ஒளிபரப்பு நிலையத்தால் அப்படி முடியாது. ஸ்டூடியோ கேமரா, சினிமா ரீல், தலைமை நிலையத்து சிக்னல் எல்லாம் ஒரே தாளத்தில் இருந்தால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ முடியும். போதாததற்கு, சிங்க் எப்படி இருக்க வேண்டும் என்று கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் தொழில்நுட்ப விதியும் இருந்தது. ஆகவே போர்ட்டபேக் டேப்பைப் பார்த்ததும் பொறியாளர் முடியாது என்று தலையை ஆட்டிவிடுவார். கேபிள்காரருக்கு அந்தக் கெடுபிடி கிடையாது. நம்மூர்க் கேபிள்காரர்கள் கண்ட்ரோல் ரூம் என்று சொல்கிறார்களே, அந்த அறையில் டேப்பைப் போட்டு படத்தைச் சேனலில் ஏற்றும் மாடுலேட்டர் என்ற பெட்டியில் இணைத்தால் படம் வீட்டுக்குப் போய்விடும். மேல் விளிம்பு ஆடும்; ஆடினால் என்ன, பேச்சு கேட்கிறது, முகம் தெரிகிறது.

1973இல் டைம் பேஸ் கரெக்டர் என்ற பெட்டி டிஜிட்டல் வடிவில் வந்தது. வந்த வரியை எண்களாக்கி நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். உள்ளே ஓடும் நிலையான கடிகாரம் சொல்லும் கணத்தில் வெளியே விடும். ஆஸ்பத்திரியில் நோயாளிகள் முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தாலும், டோக்கன் வாங்கி உட்கார்ந்தபின் டாக்டர் அறைக்குள் சீரான இடைவெளியில் போவதைப் போல. நினைவகச் சில்லுகள் பொன் விலை விற்ற காலம் என்பதால் தொடக்ககாலப் பெட்டிகளில் சில வரிகளை வைக்கத்தான் இடம். அதுவே போதுமானதாக இருந்தது. 1974இல் போர்ட்டபேக்கில் எடுத்த ஆவணப்படம் ஒன்று அமெரிக்காவின் பொதுத் தொலைக்காட்சியில் நாடு முழுக்க ஓடியது.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் உண்டு. சிங்க் விதியில் அரசியல் ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனாலும் விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவரே டிவியில் பேசலாம் என்பதை அதுதான் தீர்மானித்தது. பப்ளிக் ஆக்சஸைக் கட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். படம் தெரிகிறதா, ஒலி கேட்கிறதா என்ற அளவோடு தரப் பரிசோதனையை நிறுத்திக்கொண்டார்கள். கேமராவை இரவல் கொடுத்தார்கள், வகுப்பு எடுத்தார்கள். கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி யாரும் பேசலாம். கேமராவை இரவல் கொடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாகத் தெரிகிறது.

சரி, உள்ளடக்க விதிக்கு வருவோம். எஃப்.சி.சி. 1972இல் பெரிய சந்தைகளின் கேபிள் நிறுவனங்கள் இப்படிச் சேனல் ஒதுக்கியே தீர வேண்டும் என்றது. அப்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று 1979இல் உச்ச நீதிமன்றம் ரத்துசெய்தது. பிறகு 1984இல் நாடாளுமன்றமே கேபிள் சட்டம் இயற்றியது. நகரங்கள் தங்கள் ஒப்பந்தத்தில் மக்கள் சேனலைக் கேட்டுப் பெறலாம். அந்தச் சேனலில் எதைக் காட்டலாம், எதை வெட்டலாம் என்று கேபிள் நிறுவனம் எந்தக் கட்டுப்பாடும் செலுத்தக் கூடாது. இதோடு பொருத்தமாக இன்னொரு பிரிவு: அந்த நிகழ்ச்சிகளில் வரும் விஷயங்களுக்காகக் கேபிள் நிறுவனத்தின் மேல் வழக்கும் போட முடியாது (1992இலிருந்து ஆபாசம் மட்டும் விதிவிலக்கு). கட்டுப்படுத்தும் உரிமை இல்லாதவர்மேல் பொறுப்பைச் சுமத்தவில்லை. வழக்கு வராது என்று தெரிந்தவருக்கு வெட்டிப்பார்க்கும் ஆசையும் வராது. இந்த ஏற்பாட்டின் அழகு அதுதான்.

பொறுப்பு நிகழ்ச்சி தயாரிப்பவரிடம் போகிறது. சேனலை நடத்தும் மையத்துக்குப் போனால் அந்த ஊரில் வசிப்பதற்குச் சான்று கேட்பார்கள். ஒரு படிவம் நீட்டுவார்கள்: பாட்டுக்கும் படத்துக்கும் உரிமை வாங்கிவிட்டேன், அவதூறு இல்லை, விளம்பரம் இல்லை, சட்டப்படியான ஆபாசம் இல்லை, வழக்கு வந்தால் என் பொறுப்பு. கையெழுத்துப் போட்டதும், முதலில் வந்தவருக்கு முதலில் என்ற வரிசையில் நேரம் ஒதுக்குவார்கள். விலையைச் சொல்லி ஒரு பொருளை விற்க முடியாது, மேயரைத் திட்டலாம். வயது வந்தோருக்கான காட்சி இருந்தால் படிவத்திலேயே குறிக்க வேண்டும், பின்னிரவு நேரம் கிடைக்கும். இப்படி நேரம், நீளம், வரிசை, கையெழுத்து எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். பேசுகிறவர் எந்தக் கட்சி, எந்த மதம் என்று மட்டும் பார்ப்பதில்லை.

ஆபாசம் என்றால் என்ன என்பதற்கு 1973ஆம் ஆண்டின் மில்லர் வழக்கு மூன்று சோதனைகள் வைத்தது. ஊரின் அளவுகோலில் காமத்தைத் தூண்டுவதாக இருக்க வேண்டும். வெளிப்படையாக அருவருப்பூட்ட வேண்டும். இலக்கிய, கலை, அரசியல், அறிவியல் மதிப்பு குறிப்பிடும்படி இருக்கவே கூடாது. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபாசம். அதற்குக் கீழே, முகம் சுளிக்கவைக்கும் விரசம் என்றொரு பெரிய பரப்பு இருக்கிறது. அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. 1992இல் நாடாளுமன்றம் அந்த விரசத்தையும் கேபிள் நிறுவனம் தடுக்கலாம் என்று விதியைத் திருத்தியது. டென்வர் வழக்கு என்று அறியப்படும் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மக்கள் சேனலைப் பொறுத்தவரை அந்த அனுமதி செல்லாது என்றது. இந்தச் சேனல்கள் ஒருநாளும் கேபிள் நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்ததில்லை, ஊரே மேற்பார்வை பார்க்கிறது என்பது முக்கியமான காரணம்.

வாசகரின் கேள்விக்குள் இருக்கும் உண்மையான அச்சம் வெறுப்புப் பேச்சு. அதற்கு மிசௌரி மாநிலத்தின் கன்சாஸ் சிட்டியில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1980களின் பிற்பகுதியில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு அங்கே மக்கள் சேனலில் நேரம் கேட்டது. கறுப்பின மக்கள் பெருமளவில் வாழும் ஊர். அவர்களின் கோபம் முழுக்க நியாயமானது. கிளானை மட்டும் தடுத்தால் நீதிமன்றத்தில் நிற்காது என்று தெரிந்ததால், நகரமன்றம் 1988இல் அந்தச் சேனலையே ஒழித்துவிட்டது. எல்லோருடைய நேரமும் போயிற்று. கிளான் வழக்குப் போட, குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் அமைப்பான ஏ.சி.எல்.யு. துணைக்கு வந்தது. வழக்கைத் தள்ளுபடி செய்ய 1989இல் நீதிபதி மறுத்தார். கருத்து பிடிக்கவில்லை என்பதற்காக மேடையை மூடியிருந்தால் அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்பதே விஷயம். நகரமன்றம் சேனலைத் திரும்பத் திறந்தது. உடனடி வன்முறைக்குத் தூண்டாத வரை பேச்சைத் தண்டிக்க முடியாது என்று 1969இல் வந்த பிராண்டன்பர்க் தீர்ப்பும் ஒரு கிளான் தலைவரின் வழக்கில் வந்ததுதான்.

எனக்கு இதில் தயக்கம் இல்லாமல் இல்லை. சாதிப் பெயரைச் சொல்லி மேடையில் இழிவுபடுத்துவதன் வலி தெரிந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஆனாலும் வரிசையைக் கருத்துப் பார்த்துக் கலைக்கும் அதிகாரத்தை ஒருவரிடம் கொடுத்தால், அவர் முதலில் கலைப்பது எளியவர்களின் நேரத்தைத்தான் என்று நினைக்கிறேன். மக்கள் சேனல்களில் போதகர்களும் கைரேகைக்காரர்களும்கூட வருவார்கள். அங்கே நாத்திகரும் அடுத்த அரை மணி நேரத்தைக் காசில்லாமல் கேட்டு வாங்கலாம். நம் சேனல்களில் காலை நேரத்தை ஜோதிடர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். மறுத்துப் பேச வருபவருக்கு அதே விலை கட்டுப்படியாகாது. மூடநம்பிக்கைக்குக் கிடைக்கும் பெரிய உதவி இதுதான்.

2019இல் இந்த ஏற்பாட்டின் ஒரு மூட்டு கழன்றது. மன்ஹாட்டனின் மக்கள் சேனலை நகரம் நியமித்த ஒரு லாப நோக்கற்ற தனியார் அமைப்பு நடத்துகிறது. அந்த அமைப்பையே விமர்சித்துப் படம் எடுத்த டீடீ ஹாலெக்கையும் அவருடைய கூட்டாளியையும் அது தடைசெய்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம், அந்த அமைப்பு அரசு அல்ல, ஆகவே அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைப் பிரிவு அதைக் கட்டுப்படுத்தாது என்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கவனா. நகரத்தின் வேலையை நகரத்தின் சார்பில் செய்பவர், நகரத்தைப் போலவே கட்டுப்பட்டவர் என்று மறுப்புத் தீர்ப்பு எழுதினார் நீதிபதி சோட்டோமேயர். எனக்கு அவர் சொன்னதே சரியென்று படுகிறது. நியூயார்க் மாநில விதிகளில் முதலில் வந்தவருக்கு முதலில் என்பது இன்னும் இருக்கிறது. ஆனால் விதியை மாற்றுவது அரசியல் சட்டத்தை மாற்றுவதைவிட எளிது.

சட்டத்தைவிடப் பெரிய ஆபத்து பணத்தில் இருக்கிறது. கேபிள் நிறுவனத்தின் வருமானத்தில் அதிகபட்சம் 5 சதவீதத்தை நகரம் கட்டணமாக வாங்கலாம். பல மையங்கள் அதில்தான் ஓடுகின்றன. கலிபோர்னியா 2006இல் ஒப்பந்த அதிகாரத்தை நகரங்களிடமிருந்து மாநிலத்துக்கு மாற்றியது. 2009 தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சல்ஸின் மக்கள் ஸ்டூடியோக்கள் மூடப்பட்டன. ஊருக்குப் பொருளாகவோ சேவையாகவோ கொடுப்பதில் பலவற்றையும் அந்த 5 சதவீதத்துக்குள் கழித்துக்கொள்ளலாம் என்று 2019இல் எஃப்.சி.சி. உத்தரவிட்டது. இப்போது மக்கள் கேபிளை விட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகிறார்கள். நெட்ஃபிளிக்ஸ், ஹுலு நிறுவனங்களும் இந்தக் கட்டணத்தைக் கட்ட வேண்டும் என்று பல நகரங்கள் வழக்குப் போட்டன. தெருவைத் தோண்டிக் கம்பி பதித்தவர்கள் அவர்கள் இல்லையே என்று பல நீதிமன்றங்கள் தள்ளுபடி செய்துவிட்டன.

நூலகத்துக்கும் பூங்காவுக்கும் ஒதுக்குவதுபோல நகரங்கள் தங்கள் வரிப்பணத்திலிருந்து நேரடியாக இந்த மையங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி ஒதுக்கும்போதே, நிகழ்ச்சியைப் பார்த்துப் பணத்தை நிறுத்தும் உரிமை நகரமன்றத்துக்குக் கிடையாது என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் கேபிள்காரர்களுக்குப் போட்ட தடையை இங்கேயும் எழுதிவைக்க வேண்டும்.