பத்தியில் உள்ள சொற்களே தவறான விடைக்கு இழுப்பது ஏன்?

கல்லூரி ஆங்கிலத் திறன் தேர்வில் பத்தியைப் படித்து விடை சொல்லும் பகுதிக்காக, மாதிரித் தாள்களை வரிசையாகப் போட்டுப் பார்ப்பவர்கள் ஏராளம். ஆனாலும் மார்க் நகராது. உடனே கிடைக்கும் அறிவுரை, 'இன்னும் வேகமாகப் படி' என்பது. சிக்கல் பெரும்பாலும் வேகத்தில் இல்லை.

ஆங்கிலம் படிக்கும்போது கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறக்குறையக் கால் நொடி நிற்கிறது, ஏழெட்டு எழுத்து தாண்டிக் குதிக்கிறது, மறுபடி நிற்கிறது. நிற்கும் இடத்திலிருந்து வலப்பக்கம் சுமார் 15 எழுத்துவரைதான் உருப்படியான தகவல் கிடைக்கும். ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி வேகமே நிமிடத்துக்கு 240 சொல்லை ஒட்டித்தான் இருக்கிறது. ஒரே பார்வையில் பக்கத்தை விழுங்கக் கற்றுத் தரும் விளம்பரங்களை விட்டுவிடலாம்.

உண்மையான வேலை கண்ணுக்குப் பின்னால் நடக்கிறது. வால்டர் கின்ட்ச் என்ற உளவியலாளர் புரிதலை மூன்று அடுக்காகப் பிரித்தார். முதல் அடுக்கில் சொற்கள் அப்படியே நிற்கும். இரண்டாவதில் வாக்கியங்கள் சொல்லும் கருத்துகள். மூன்றாவதில், நமக்கு ஏற்கெனவே தெரிந்ததும் சேர்ந்து, பத்தி பேசும் சூழல் மனத்தில் உருவாகும்.

ஒரு பத்தி இப்படிச் சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'மழை குறைந்தபோதும் விளைச்சல் குறையவில்லை, தானியத்தின் புரத அளவுதான் சரிந்தது.' ஒரு விடை, 'மழைக் குறைவால் விளைச்சல் சரிந்தது.' இன்னொன்று, 'வறட்சியிலும் அறுவடையின் அளவு நிலைத்தது, தரம் நிலைக்கவில்லை.' முதல் விடையின் சொற்கள் அத்தனையும் பத்தியிலிருந்தே வந்தவை, விடை தப்பு. இரண்டாவதில் பத்தியின் சொற்கள் அநேகமாக இல்லவே இல்லை, அதுதான் சரி. கேள்வி தயாரிப்பவர் முதல் அடுக்கில் நின்றுவிட்டவருக்கென்றே வைக்கும் பொறி இது. கொஞ்சம் குரூரம்தான், ஆனால் நியாயமான குரூரம்.

சரி, ஏன் முதல் அடுக்கிலேயே நின்றுவிடுகிறோம்? மனம் ஒரே நேரத்தில் கையில் பிடித்திருக்கக்கூடியது நாலைந்து துண்டுத் தகவல்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் யோசிப்பதிலேயே அந்த இடம் தீர்ந்துவிட்டால், வாக்கியங்களை இணைக்க எதுவும் மிஞ்சாது. அகராதி உதவியில்லாமல் சௌகரியமாகப் படிக்க, 100 சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லறிவு ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் மாதிரித் தாளுக்கு வெளியே நிறையப் படிப்பதும் தேர்வுப் பயிற்சிதான். அங்கே பழகிய சொல் தேர்வில் இடத்தை அடைக்காது.

விஷய அறிவும் இதே வேலையைச் செய்கிறது. 1988இல் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தாலும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள்.

அப்புறம் தாளைத் திருத்தும் முறை. சரியான விடையைப் பார்த்து டிக் போட்டுவிட்டு அடுத்த பத்திக்கு ஓடினால் மிஞ்சுவது குறைவு. பத்தியை மூடிவிட்டு அது சொன்னதை இரண்டு வரியில் சொந்தச் சொற்களில் எழுதிப் பார்த்தால், மூன்றாம் அடுக்கு உருவானதா என்பது உடனே தெரிந்துவிடும். தவறிய கேள்வியில், நம்மை இழுத்த விடை பத்தியின் எந்தச் சொல்லைத் தூண்டிலாக வைத்திருந்தது என்றும் தேடலாம்.

ஒரே ஒரு இடத்தில் விஷய அறிவு காலை வாரும். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் வாசிப்புப் பகுதியில், சில கேள்விகளுக்குச் 'சரி', 'தவறு' என்பவற்றோடு 'பத்தியில் சொல்லப்படவில்லை' என்ற மூன்றாவது விடையும் உண்டு. நமக்குத் தெரிந்த உண்மையை மனம் தானாகவே பத்திக்குள் செருகிவிடும். அதனால் அந்த வகைக் கேள்வியில் மட்டும், விடைக்கு ஆதாரமான வரியை விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பார்த்துவிட்டுக் குறிப்பது நல்லது.