அம்மாவின் முகத்திலிருந்து பிள்ளையின் பயம் வரை

"பாட்டிக்கும் அம்மாவுக்கும் பதற்றக் கோளாறு. எனக்கும் அதுதான் விதியா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். விதி இல்லை, வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான்.

இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் வெளியான கணக்கின்படி, எதற்கெடுத்தாலும் ஓயாமல் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறில் மரபின் பங்கு சுமார் 32 சதவீதம், திடீர் திடீரெனக் கடும் பயம் தாக்கும் பீதிக் கோளாறில் சுமார் 43. உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 32 சதவீதம் என்று இதைப் படிக்கக் கூடாது. ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் மரபணுவால் வருவது எவ்வளவு என்பதே அந்த எண். ஒற்றை 'பய மரபணு' கிடையாது. துளித்துளியாய் வேலைசெய்யும் ஏராளமான மரபணுக்கள் சேர்ந்து, சட்டென மிரளும் சுபாவத்தைத் தருகின்றன.

மரபணு தவிர, பயம் வேறு எப்படிக் கைமாறுகிறது? 1985இல் வெளியான அழகான சோதனை ஒன்று உண்டு. ஒரு வயதுக் குழந்தை கண்ணாடி மேசையில் தவழ்கிறது. பாதி தூரத்தில், கண்ணாடிக்கு அடியிலுள்ள கட்டம்போட்ட தரை சுமார் 30 சென்டிமீட்டர் இறங்கிவிடுகிறது. விழ வழியில்லை, ஆனால் பள்ளம்போலத் தெரியும். பயப்படுவதா வேண்டாமா என்று குழந்தைக்கே தெரியாத ஆழம், அதற்காகவே தேர்ந்தெடுத்தது. விளிம்புக்கு வந்த குழந்தை நிமிர்ந்து, எதிர்முனையில் நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. அந்த முகம் மலர்ந்திருந்தபோது 19 குழந்தைகளில் 14 கடந்து வந்தன. அதில் பயம் தெரிந்தபோது 17இல் ஒன்றுகூட வரவில்லை. அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

பிள்ளை வளர்ந்ததும் இதே பாடம் வேறு வழியில் தொடர்கிறது. நாய்க்கு அஞ்சும் பிள்ளையை வேறு தெருவழியே கூட்டிப்போகிறோம், அழுகை நிற்கிறது. 'தப்பித்ததால் பிழைத்தேன்' என்று பிள்ளை கற்கிறது, 'விலக்கினால் அடங்கும்' என்று பெற்றோர் கற்கிறார்கள். நாய் ஒன்றும் செய்யாது என்று அறிய மட்டும் சந்தர்ப்பமே வாய்ப்பதில்லை. இது அன்பால் நேர்வது. பெற்றோரைக் குற்றம் சொல்லக் கூடாது. பரம்பரைச் சாபம் என்று பேசுவது அதைவிடக் கொடுமை.

இதை மாற்றச் சிறு படிகள் போதும்: முதலில் நாயின் படம், பிறகு தெருவின் மறுபக்கம் கட்டிய நாய், பிறகு பத்தடி தூரம். ஒவ்வொரு படியிலும் பதற்றம் தணிந்தபின் நகர வேண்டும். உச்சத்தில் திரும்பி ஓடினால் பயம் இன்னும் வேரூன்றும். பெற்றோரின் முகமும் நிதானமாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில், பெற்றோரில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு உள்ள 136 குடும்பங்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. கையேடு மட்டும் பெற்ற குடும்பங்களின் பிள்ளைகளில் 31 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குள் கோளாறு வந்தது. குடும்பமாகப் பயிற்சி பெற்றவர்களில் அது 5 சதவீதம். மரபணு வேட்டைக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையாவது இத்தகைய பயிற்சிகளுக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.