சுவர் சுமக்காத ஹோட்டல்

மும்பை காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரி, டேவிட் சாசூன் நூலகம், ஆர்மி அண்டு நேவி கட்டடம் என்று கல்லில் இழைத்த கட்டடங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அதே வரிசையில் ஒன்று மட்டும் வேறு ரகம். ஐந்து மாடி, மாடிக்கு மாடி சாலையைப் பார்த்து நீளமான பால்கனி, கல் இருக்க வேண்டிய இடத்தில் இரும்பு. இப்போது அதன் பெயர் எஸ்பிளனேடு மேன்ஷன். 1871இல் திறந்தபோது வாட்சன்ஸ் ஹோட்டல். வார்ப்பிரும்புச் சட்டகத்தில் கட்டி இந்தியாவில் இன்னும் மிஞ்சியிருக்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான்.

பக்கத்திலேயே செஷன்ஸ் கோர்ட் இருப்பதால், ஹோட்டல் போன பிறகு இங்கே வக்கீல் அலுவலகங்கள் வந்தன. மாட்டுங்காவிலும் சயானிலும் ரயிலேறி ஃபோர்ட் அலுவலகங்களுக்கு டைப் அடிக்கப் போன தமிழர்கள் எத்தனையோ பேர் மழைக்கு இதன் பால்கனிக்கு அடியில் ஒதுங்கியிருப்பார்கள். தலைக்கு மேல் நின்ற எடை எதன் வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்று அப்போது யார் யோசித்திருக்கப் போகிறார்கள்!

அந்த எடையைச் சுவர் தாங்கவில்லை. இந்தக் கட்டடத்தின் சுவரெல்லாம் இரண்டு தூண்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைத்த வெறும் மறைப்பு. பாரம் தளத்திலிருந்து உத்தரத்துக்கும், உத்தரத்திலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அஸ்திவாரத்துக்கும் இறங்குகிறது. இன்றைக்கு ஒர்லியிலும் லோயர் பரேலிலும் எழும் ஐம்பது மாடிக் கட்டடங்களில் பாரம் இறங்கும் விதமும் அடிப்படையில் இதுவே. ஆனால் இது 1867–69இல் எழுந்தது. வானளாவிகளின் தாய் என்று பலரும் சொல்லும் சிகாகோ ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் வந்தது 1885இல். உடனே ‘உலகிலேயே முதல்’ என்று பட்டம் கட்ட வேண்டாம். இங்கிலாந்தின் ஷியர்னஸ் கடற்படைத் தளத்தில் 1860இலேயே பல மாடி இரும்புச் சட்டகத்தில் ஒரு படகுக் கிடங்கு கட்டிவிட்டார்கள். கிடங்குக்கும் தொழிற்சாலைக்கும் என்று இருந்த உத்தியை, துரைமார்கள் தங்கி நடனமாடும் ஹோட்டலுக்குக் கொண்டுவந்ததுதான் இங்கே புதுமை.

கொண்டுவந்தவர் ஜான் வாட்சன், பம்பாயில் துணி வியாபாரம் செய்த ஆங்கிலேயர். 1860களின் முதல் பாதியில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் அங்கிருந்து இங்கிலாந்துக்குப் பருத்தி போவது நின்று, பம்பாய்ப் பருத்திக்கு ஏக கிராக்கி. ஊரில் பணம் புரண்டது. கவர்னர் பார்ட்டில் ஃப்ரியர் கோட்டை மதில்களை இடிக்கச் சொல்லி, காலியான எஸ்பிளனேடு நிலத்தை மனை பிரித்து விற்றார். வாட்சன் ஒன்றை வாங்கினார். கட்டடத்தை வடிவமைத்தவர் ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்ற பொறியாளர். 1851இன் லண்டன் கண்ணாடி மாளிகையிலும், செயின்ட் பேங்க்ராஸ் ரயில் நிலையத்தின் பெரிய கூரையிலும் வேலை செய்த கை. அவர் வரைந்தபடி துண்டுகளை இங்கிலாந்தில் வார்த்து, கப்பலேற்றி, பம்பாயில் பூட்டினார்கள். சூயஸ் கால்வாய் திறந்தது 1869 நவம்பரில். அதற்கு முன் இவ்வளவு பாரமான சரக்கு ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வந்தாக வேண்டும்.

கல்லுக்குப் பஞ்சமில்லாத ஊருக்கு எதற்கு இத்தனை தூரம் இரும்பு? ஐந்து மாடியைச் செங்கல் சுவரே தாங்க வேண்டுமானால் கீழ்த்தளத்தில் சுவர் இரண்டடிக்கு மேல் தடிக்க வேண்டும். ஜன்னலைப் பெரிதாக வைத்தால் சுவர் பலம் இழக்கும். மேல்மாடிச் சுவர் கீழ்மாடிச் சுவரின் தலைமேலேயே நின்றாக வேண்டும் என்பதால், கீழே பெரிய கூடமும் மேலே சிறிய அறைகளும் வைப்பது பெரும்பாடு. ஹோட்டல்காரருக்கு வேண்டியதோ அதுவேதான். தூண்கள் பாரத்தை ஏற்றுக்கொண்டதும் சுவர் மெலியலாம், கதவும் ஜன்னலும் விரும்பிய அளவுக்கு அகலலாம். நூற்று முப்பது அறை, கீழே உணவகம், மதுக்கூடம், நடுவே கண்ணாடிக் கூரை போட்ட 30 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலக் கூடம் — இத்தனையும் ஒரே மனையில் அடங்கியதற்கு மெலிந்த சுவர் பெரிய காரணம். பெரிய பறவைக் கூண்டு போல இருக்கிறது என்று அந்தக் காலத்தில் வர்ணித்தார்கள். கிண்டலோ பாராட்டோ, பொருத்தமான வர்ணனை.

இரும்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் பாதி விஷயம் தப்பிவிடும். அந்தக் காலத்து வார்ப்பிரும்பில் கார்பன் 2 முதல் 4 சதவீதம் வரை இருக்கும். உருக்கி ஊற்றி ஆறும்போது அந்தக் கார்பனில் பெரும்பகுதி மெல்லிய கிராஃபைட் செதில்களாக உள்ளே படிந்துவிடும். ஒவ்வொரு செதிலும் பிறவியிலேயே வந்த ஒரு விரிசல் மாதிரி. மேலிருந்து அழுத்தினால் விரிசல்கள் மூடிக்கொள்ளும், ஒன்றும் ஆகாது. இழுத்தால் அவை வாய் பிளக்கும், முன்னறிவிப்பே இல்லாமல் முறியும். வார்ப்பிரும்பு தாங்கும் இழுவிசை, அது தாங்கும் அழுத்தத்தில் நாலில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆகவே தூணுக்கு அது அருமையான பொருள், உத்தரத்துக்கு ஆபத்தானது. உத்தரத்தின் மேல் பாரம் ஏறினால் அதன் அடிப்பக்கம் இழுபடுமே! 1847இல் இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் டீ ஆற்று ரயில் பாலத்தின் வார்ப்பிரும்பு உத்தரம் முறிந்து ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பொறியாளர்கள் இழுவிசை வரும் இடங்களில் கார்பன் மிகக் குறைந்த, நார் நாராக வளையும் தேனிரும்பை நாடத் தொடங்கினார்கள்.

செட்டிநாட்டு வீடுகளில் கப்பலில் வந்த இரும்புத் தூண்களைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் ஒல்லியான உடம்பு நினைவிருக்கும். அந்தக் காலத்து வார்ப்பிரும்புத் தூண்கள் பெரும்பாலும் உள்ளே கூடானவை. காசை மிச்சம் பிடிக்க மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஒல்லியான தூண் பாரத்தால் நசுங்குவதற்கு முன்பே நடுவில் வளைந்து தோற்றுப்போகும். அந்த வளைவை எதிர்ப்பதில் மையத்திலிருந்து தள்ளியிருக்கும் இரும்புக்குத்தான் பலம் அதிகம். மையத்தில் இருப்பது சும்மா சோறு தின்கிறது. ஆகவே அதே எடை இரும்பை அகலமான குழலாக வார்த்தால் தூண் பல மடங்கு நிமிர்ந்து நிற்கும். மாடிக்கு மாடி உத்தரங்கள் தூணைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்வது இன்னொரு லாபம். பிடிப்புகளுக்கு நடுவே உள்ள நீளம் பாதியானால், வளையாமல் தாங்கும் பாரம் நாலு மடங்காகும். குழலில் ஒரு தொல்லையும் உண்டு. வார்க்கும்போது குழலின் ஓட்டைக்காக உள்ளே வைக்கும் மண் கரு கொஞ்சம் நகர்ந்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும், வெளியே பார்த்தால் தெரியாது. அதனால்தான் பழைய தூண்களைச் சோதிப்பவர்கள் சுற்றிலும் சின்னத் துளைகள் போட்டுத் தடிமன் அளக்கிறார்கள்.

நேர் கீழே வரும் பாரத்தைவிடப் பொல்லாதது பக்கத்திலிருந்து வரும் தள்ளு. கடற்காற்று அடிக்கிறது, கயிற்றுக் கட்டிலின் பூட்டுகள் தளர்ந்தால் நாலு காலும் சாய்வது போல, சட்டகமும் சாயப் பார்க்கும். சுவர் சுமக்கும் கட்டடத்துக்கு இந்தக் கவலை குறைவு, சுவரே விறைப்பாக நிற்கும். சட்டகக் கட்டடத்துக்குப் பலம் தூணும் உத்தரமும் சேரும் மூட்டில் இருக்கிறது. மூட்டு விறைப்பாக இருந்தால் சட்டகம் சாயாது. நடுவே அடைத்த செங்கலும் ஓரளவு கை கொடுக்கும். இப்படிப்பட்ட கட்டடத்தைப் பார்க்கப் போனால் தூண் தலையின் பூவேலையைக் கொஞ்சம் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் உத்தரம் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த ஹோட்டல் இன்று பேசப்படுவது பெரும்பாலும் சினிமாவால்தான். 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் ஆள் மாரியஸ் செஸ்தியே, ஆஸ்திரேலியாவுக்குப் போகிற வழியில், இங்கே ஆறு துண்டுப் படங்களை ஒரு ரூபாய் டிக்கெட்டில் காட்டினார். இந்தியா பார்த்த முதல் சினிமா. பாரிஸில் முதல் கட்டணக் காட்சி நடந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆறில் ஒன்று, சுவர் ஒன்றை இடித்துத் தள்ளும் படம்! அதே ஆண்டு மார்க் ட்வெயினும் இங்கே தங்கி, பம்பாய்க் காக்கைகளின் அட்டகாசத்தைப் பற்றி எழுதினார். ஜாம்ஷெட்ஜி டாடாவை இந்த வாசலில் தடுத்தார்கள், அந்த ரோஷத்தில்தான் அவர் 1903இல் தாஜ்மஹால் ஹோட்டலைத் திறந்தார் என்ற கதையும் சுற்றுகிறது. நல்ல கதை, ஆனால் உறுதியான ஆதாரம் எதுவும் கிடையாது, நான் நம்புவதில்லை. மின்விளக்கோடு தாஜ் வந்த பிறகு வாட்சன்ஸின் மவுசு இறங்கியது மட்டும் நிஜம். 1960களில் ஹோட்டல் மூடி, அறைகளைத் தடுத்து, துண்டு துண்டாக வாடகைக்கு விட்டார்கள்.

சிக்கல் பெருத்தது அதற்குப் பிறகு. பாம்பன் பாலத்தைப் பார்த்தவர்களுக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, கிட்டத்தட்ட எல்லாமே நாலு மாதத்தில். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவோ ஒரு மின்வேதி வினை. போதாததற்கு உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், மழை விட்ட பிறகும் இரும்பு காய்வதில்லை.

வார்ப்பிரும்புத் தூண் இதில் அவ்வளவு சீக்கிரம் சாகாது. வார்க்கும்போதே மேலே கெட்டியான தோல் ஒன்று உருவாகிவிடும், அது துருவை நன்றாகத் தாங்கும். சாவது மூட்டு, போல்ட், தேனிரும்பு, பால்கனியைத் தாங்கும் கைகள், அதாவது தண்ணீர் தேங்கும் இடுக்குகள் எல்லாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடுக்குக்குள் அது வீங்கும்போது செங்கல் பிளக்கும், போல்ட்டின் தலை தெறிக்கும். இதோடு வாடகைதாரர்கள் சேர்த்த தடுப்புச் சுவர், தண்ணீர்த் தொட்டி, ஏசி பெட்டி, ஒழுகும் குழாய். 1869இல் கணக்குப் போட்ட தளத்துக்கு இவற்றில் எதுவும் தெரியாது. பால்கனி ஒரு முனையில் மட்டும் பிடித்து நிற்பது. பிடித்த இடத்தில் மேல்பக்கம் இழுவிசை அதிகம், மழைநீர் இறங்குவதும் அங்கேயே. 2005இல் முகப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. அதே ஆண்டு உலக நினைவுச்சின்ன நிதியம், அழியும் ஆபத்தில் உள்ள நூறு இடங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்காக வாதாடியவர்களில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோவும் ஒருவர். 2019இல் உள்ளே இருந்தவர்களை வெளியேற்றினார்கள். பழுதுபார்க்க முடியாது, இடிக்கலாம் என்றது ஐஐடி மும்பையின் அறிக்கை; மரபுக் கட்டடங்களைக் காப்பவர்கள் அதை எதிர்த்தார்கள்.

இந்தச் சண்டையில் ‘கட்டடம் பாழ்’ என்று மொத்தமாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. சட்டகக் கட்டடத்தின் வசதியே துண்டு துண்டாகப் பார்க்கலாம் என்பதுதான். தளம் உளுத்திருக்கலாம், பால்கனியின் கை போயிருக்கலாம், தூண் நன்றாக இருக்கலாம். சுவர் பாரம் சுமக்காததால் செங்கலைப் பிரித்து எடுத்து உள்ளே பார்க்க முடியும்.

பழுதுபார்ப்பிலும் நுணுக்கங்கள் உண்டு. வெடித்த வார்ப்பிரும்பை வெல்டிங் வைத்து ஒட்டினால், அந்தச் சூட்டில் விளிம்பு கண்ணாடி போல் நொறுங்கும் கெட்டி இரும்பாக மாறி, ஆறும்போது பக்கத்திலேயே மறுபடி வெடிக்கும். சூடே இல்லாமல் செய்வது நல்லது: விரிசலுக்குக் குறுக்கே துளையிட்டு, நிக்கல் கலந்த உலோகத் துண்டுகளை அறைந்து, விரிசல் நெடுக மறையாணி முறுக்கித் தையல் போடுகிறார்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்றிவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். உப்புநீரில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டால் பழைய இரும்பு இன்னும் வேகமாகக் கரையும், நடுவே மின்சாரம் கடத்தாத வாஷர் வைத்துப் பிரிக்க வேண்டும். ஆனால் இதெல்லாம் இரண்டாவது வேலை. முதலில் கூரையை மூடி, பால்கனித் தளத்தில் தண்ணீர் வெளியே வடிய வாட்டம் கொடுக்க வேண்டும். பிறகு துருவைச் சுரண்டி, உப்பை நன்னீரால் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் துருத்தடுப்புப் பூச்சு. உப்போ ஈரமோ மிச்சமிருந்தால் பூச்சுக்கு அடியிலேயே துரு மறுபடி பொங்கிவிடும் என்பதால், மும்பையில் இந்த வேலைக்குத் தோதான காலம் நவம்பரிலிருந்து மே வரைதான்.