இறக்கம் ஓய்வு அல்ல

இந்த வாரத்தில் இவர் நான்காவது ஆள். எங்கள் கிளினிக்குக்குள் வர இரண்டு படி இறங்க வேண்டும். அவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, உடம்பை முழுசாகத் திருப்பி, பின்பக்கமாக இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் ஓடியவர்கள் செவ்வாய்க்கிழமை இப்படித்தான் படி இறங்குவார்கள். கேட்டேன், ஆமாம் என்றார்.

"பன்னிரண்டு கிலோமீட்டர்தான் டாக்டர். மிதமான பாதை என்றுதான் போட்டிருந்தது. ஏற்றத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கியது. உச்சிக்குப் போய்விட்டால் அப்புறம் எல்லாம் இறக்கம்தானே, காலை அதன் போக்கில் ஓட விட்டுவிட்டேன்."

'அப்புறம் எல்லாம் இறக்கம்தானே.' பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தயவுசெய்து இதை மட்டும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஏற்றத்தில் கஷ்டப்படுவது இதயமும் நுரையீரலும். மூச்சு வாங்குகிறது, வேகத்தைக் குறைக்கிறீர்கள். உடம்பே உங்களை எச்சரித்துவிடுகிறது. இறக்கத்தில் அந்த எச்சரிக்கை கிடையாது. மூச்சு சீராக இருப்பதால் எல்லாம் சுலபமாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு அடியிலும் உங்கள் முழு எடையையும் பிடித்து நிறுத்துவது முன்தொடைத் தசை. அது பிரேக் போல வேலை செய்கிறது: சுருங்கப் பார்த்துக்கொண்டே நீள்கிறது. தசை இழைகளில் நுண்ணிய சேதத்தை அதிகம் உண்டாக்குவது இந்த வேலைதான். வலி உடனே வராது, ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். ஆனால் தசையின் பலம் பாதையிலேயே குறையத் தொடங்கிவிடுகிறது. வலி இல்லையே என்று நீங்கள் வேகம் எடுக்கும்போது தொடை ஏற்கெனவே தளர்ந்திருக்கும்.

அதனால்தான் கணுக்கால் பெரும்பாலும் கடைசி மூன்று கிலோமீட்டரில் பிரளுகிறது என்கிறார்கள் என்னிடம் வருகிறவர்கள். உச்சியில் பார்வைமுனைப் பாறையில் நின்று படம் எடுத்தபோது யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வண்டி நிறுத்திய இடம் கண்ணுக்குத் தெரிகிறது, கவனம் தளர்கிறது, ஈரமான வேர் ஒன்றின் மேல் பாதத்தின் வெளி ஓரம் படுகிறது. கால் உள்பக்கமாக மடங்க, வெளிக் கணுவுக்கு முன்னால் இருக்கிற ஜவ்வு கிழிகிறது.

'மிதமானது' என்ற சொல்லையும் நம்பிப் போகாதீர்கள். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் அதற்குக் கிடையாது. ஒரு செயலியில் மிதமானது இன்னொன்றில் கடினமாக இருக்கும். தூரத்தோடு மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பாருங்கள். சுற்றுப்பாதையில் ஏறிய அளவு இறங்கியே தீர வேண்டும். இன்னொன்று, பாதித் தூரம் தாண்டிய பிறகு திரும்பிப் போவதும் குறுக்குவழி ஆகாது. அந்த இடத்தில் கால் பிரண்டால் எந்தப் பக்கம் போனாலும் நடந்துதான் வர வேண்டும்.

ஆகவே வெளிச்சத்தைக் கணக்கிடும்போது ஓடும் நேரத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: நடையில் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர், 400 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவும் நல்ல காலோடு நடந்தால்.

இறங்கும்போது அடியைச் சின்னதாக்குங்கள். முட்டியை விறைப்பாக நீட்டிக் குதிகாலை ஊன்றாமல் கொஞ்சம் மடக்கியே வையுங்கள். கண் பாதத்தின் மேல் இருக்கக் கூடாது, சில அடி முன்னால் இருக்க வேண்டும். காட்சியை ரசிக்க வேண்டுமா, நின்று ரசியுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் நடந்து போவதில் வெட்கம் எதற்கு? போட்டிகளில் ஜெயிக்கிறவர்களே நடக்கிறார்கள். போவதற்கு ஓரிரு வாரம் முன்னால் சின்ன இறக்கம் ஒன்றில் நிதானமாக ஓடிப் பழகுங்கள். அந்த ஒரு பழக்கமே அடுத்த சில வாரங்களுக்குத் தசையைப் பெருமளவு காக்கும்.

வலிநிவாரணி மாத்திரையை முன்கூட்டியே போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் இபுபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

கால் பிரண்டுவிட்டால், 'நடக்க முடிகிறதே, எலும்பு முறிவு இருக்காது' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது உள், வெளிக் கணு எலும்புகளின் பின் ஓரத்தையோ நுனியையோ அழுத்தினால் வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். நடுப்பாதத்து எலும்பை அழுத்தி வலித்தாலும் அப்படியே. என்னிடம் வந்த ஒரு பெண் மூன்று வாரம் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருந்தார். பாதத்தின் வெளி ஓரத்து எலும்பில் விரிசல்.

இரண்டாம் நாள் தொடை வலித்தால் மெதுவாக நடமாடுங்கள், அது சரியாகிவிடும். வலி தாங்க முடியாமல் போய், தொடை வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் என்னிடம் வர வேண்டாம். நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், அன்றைக்கே.