பிளாக்பஸ்டரும் கிளாசிக்கும்: சொல் விளக்கம்

பிளாக்பஸ்டர் முதலில் ஒரு வெடிகுண்டின் பெயர். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் விமானப்படை வீசிய 4,000 பவுண்டு (சுமார் 1,800 கிலோ) குண்டு, ஒரு தெருத்தொகுதியையே தரைமட்டமாக்கும் என்று பத்திரிகைகள் அப்படி எழுதின. 1943 வாக்கிலேயே அமெரிக்கப் பட விளம்பரங்களில் அந்தச் சொல் ஏறிவிட்டது. டிக்கெட் வரிசை தெருவைச் சுற்றி வளைந்ததால் வந்த பெயர் என்பது பின்னாளில் கட்டிவிட்ட கதை.

தமிழில் ‘பெருவெற்றிப் படம்’ போதும். பழைய போஸ்டர்கள் இன்னும் கறார்: நூறு நாள், வெள்ளிவிழா (25 வாரம், அதாவது 175 நாள்). இன்று சேலம் விநியோக ஏரியாவில் (சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி) பெரும்பாலும் முதல் வார வசூலிலேயே படத்தின் கதி தெரிந்துவிடும்.

கிளாசிக் வேறு வம்சம். ரோமில் சொத்துக் கணக்குப்படி முதல் வகுப்பில் இருந்த குடிமகன் ‘கிளாசிக்குஸ்’. இரண்டாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் அந்தப் பட்டத்தைத் தரமான எழுத்தாளருக்குக் கொடுத்தார். தமிழில் ‘செவ்வியல்’ சரி. ‘காவியம்’ என்று போடுவது பொருந்தாது. அது இலக்கிய வகையின் பெயர், தரச்சான்று அல்ல.

பெருவெற்றி எப்போது செவ்வியலாகிறது? 1935-இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. அங்கிருந்து 1950-இல் வந்த ‘மந்திரி குமாரி’யை எடுத்துக்கொள்ளலாம். மலையுச்சியிலிருந்து தள்ளிவிட மனைவியைக் கூட்டிப்போகிறான் கணவன். கடைசி ஆசையாக அவனை மூன்று முறை வலம் வருவதாகச் சொல்லி, அவளே அவனைத் தள்ளிவிடுகிறாள். கரு குண்டலகேசியினுடையது. அந்தக் காப்பியத்தில் சில பாடல்களே மிஞ்சின. படத்தில் அவளை மலையுச்சிக்கு அழைக்கும் ‘வாராய் நீ வாராய்’ பாட்டு மட்டும் ஊர் வாயில் நின்றது. பாட்டு இனிக்கிறது, அழைப்பில் நஞ்சு. முடிவு தெரிந்தவருக்கு அந்த இனிமைதான் கூடுதல் திகில். முடிவு தெரிந்த பின்னும் பார்க்கவைப்பதுதான் செவ்வியல். திருப்பத்தை மட்டும் நம்பிய படம் இரண்டாம் முறையில் சப்பென்று ஆகிவிடும்.

இன்னொரு நிபந்தனையை ரசிகர்கள் மறந்துவிடுகிறார்கள்: நெகட்டிவ் (கேமராவில் பதிவான மூலச் சுருள்) பிழைக்க வேண்டும். அதே நிறுவனம் 1956-இல் கேவாகலர் என்ற வண்ணச் சுருளில் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் பொதுவாக நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, முகமெல்லாம் செக்கச்செவேலென்று தெரியும். அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த படச்சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து சுருங்கும். டப்பாவைத் திறந்தாலே வினிகர் நெடி. 2 டிகிரி குளிரில், 20–30 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் சிதைவு வெகுவாக மட்டுப்படும். நெகட்டிவ் போய், தியேட்டரில் ஓடிய பிரிண்டிலிருந்து பிரதி எடுத்தால் நிழல் கறுத்து அடைந்துவிடும், வெளிச்சம் வெளுத்துவிடும், கீறலும் கூடவே வரும்.