கம்பத்து ஒலிபெருக்கியும் மேடை இசையும்

கோடைக்காலத் திறந்தவெளி இசை நிகழ்ச்சிகளில், புல்வெளியில் விரிப்பைப் போட்டு, கொண்டுபோன உணவைப் பிரித்து வைத்துக்கொண்டு இசை கேட்கும் வழக்கமுள்ள வாசகர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார். மேடை வெகுதொலைவில் இருந்தது. ஒலிபெருக்கி கட்டிய கம்பம் ஒன்றைத் தாண்டித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். ஆனாலும் பாட்டு மேடையிலிருந்தே வருவதாகத் தோன்றியதாம். அந்த ஒலிபெருக்கி பழுதாகியிருக்குமோ என்று அருகில் போய்ப் பார்த்தால், அது நன்றாகவே முழங்கிக்கொண்டிருந்ததாம். அவர் காதில் கோளாறு ஏதும் இல்லை. அவருடைய மூளை திட்டமிட்டு ஏமாற்றப்பட்டிருக்கிறது.

கம்பங்கள் எதற்கு என்பது பள்ளிப் பாடம்தான். திறந்தவெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. 10 மீட்டரில் கேட்பதைவிட 160 மீட்டரில் 24 டெசிபல் குறைவாகவே கேட்கும். கடைசி வரிசை வரை எட்டும்படி மேடையிலிருந்தே ஒலியைக் கூட்டினால் முன்வரிசைக்காரர்களின் செவி தாங்காது. போதாக்குறைக்கு, வெயிலில் சூடேறிய தரையை ஒட்டிய காற்றில் ஒலி விரைவாகவும் மேலே உள்ள குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் செல்வதால், ஒலியலை மேல்நோக்கி வளைந்து, புல்லில் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே போய்விடுகிறது. ஆகவே வழியில் கம்பங்கள் நட்டு, ஒலியைப் புதிதாகத் தொடங்கிவைக்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கம்பியில் வரும் மின்சமிக்ஞை கிட்டத்தட்ட உடனடியாகக் கம்பத்தை எட்டிவிடும். காற்றில் வரும் ஒலியோ, 20 டிகிரி செல்சியஸில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில், 100 மீட்டரைக் கடக்க 0.29 வினாடி எடுத்துக்கொள்கிறது. அப்படியே விட்டால் ஒவ்வொரு சொல்லும் கம்பத்திலிருந்து ஒரு முறையும் மேடையிலிருந்து மறுமுறையும் கேட்டு எல்லாம் குழம்பிவிடும். எனவே கம்பத்துக்குப் போகும் சமிக்ஞையை 290 மில்லி வினாடிகள் தாமதப்படுத்துகிறார்கள். ஆனால் கைதேர்ந்த ஒலிப்பொறியாளர் அத்துடன் நிற்பதில்லை. வேண்டுமென்றே இன்னும் 10, 15 மில்லி வினாடிகளைச் சேர்க்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மானியர், ஒற்றை எதிரொலி பேச்சைக் கேட்பதை எவ்வாறு பாதிக்கிறது என்று தமது முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்து, 1949இல் முடிவுகளைத் தந்தார். ஒரே ஒலி இரு திசைகளிலிருந்து வரும்போது, இரண்டாவது சுமார் 30 மில்லி வினாடிகளுக்குள் பின்தொடர்ந்தால், அதை நாம் தனி ஒலியாக உணர்வதில்லை. முதலில் வந்த திசையிலிருந்தே முழு ஒலியும் வருவதாகக் கொள்கிறோம். பின்னால் வருவது 10 டெசிபல் வரை உரக்க இருந்தாலும் இதுவே நிலை. அதாவது, கம்பம் மேடையைவிட உரக்க ஒலிக்கலாம், முந்திக்கொள்ளத்தான் கூடாது. வலிமையைக் கம்பம் தருகிறது, திசையை மேடை தருகிறது, மூளை இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

மூளை ஏன் முதலில் வந்ததை நம்புகிறது? பாறைகளுக்கும் மரங்களுக்கும் நடுவே எழும் ஒலி, பல பரப்புகளில் பட்டுத் தெறித்துப் பல திசைகளிலிருந்து நம்மை அடைகிறது. அவற்றுள் நேர்வழியில் வருவதே மிகக் குறுகிய தொலைவைக் கடப்பதால் முதலில் வந்து சேரும். ஆகவே உண்மையான திசையைச் சொல்லக்கூடியது அது ஒன்றே. எதிரொலி ஒன்றைப் பற்றிய ஓர் ஆய்வு இன்றைய நிதிக்குழுக்களிடம் போயிருந்தால், "இதனால் பயன் என்ன?" என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்க முடியும் என்று நான் யோசிப்பதுண்டு. ஒலிக்கருவிகளை இணைக்கும் வடங்களை மாற்றினால் இசையே மாறிவிடும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டும் இசைப்பிரியர்கள் இருக்கிற உலகில், இந்தச் சில மில்லி வினாடிகளுக்குச் செலவே இல்லை என்பது தனி மகிழ்ச்சி.

பொழுது சாய்ந்தால் கணக்கும் சாயும். காற்று 30 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்குக் குளிரும்போது மேடை ஒலி 100 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மில்லி வினாடிகள் கூடுதலாகின்றன. பிற்பகல் ஒத்திகையில் 10 மில்லி வினாடி இடைவெளி வைத்திருந்தால், இரவில் அதில் பாதிதான் மிஞ்சும். ஆகவே கவனமுள்ளவர்கள் இடையிடையே வெப்பநிலையைப் பார்த்து அளவைத் திருத்துகிறார்கள்.

சிகாகோவின் மில்லேனியம் பூங்காவில் 2004இல் திறக்கப்பட்ட, ஃபிராங்க் கெரி வடிவமைத்த பிரிட்ஸ்கர் அரங்கில் கம்பங்களே இல்லை. புல்வெளி முழுவதற்கும் மேலாக வளைந்து செல்லும் எஃகுக் குழாய்ப் பந்தலில் ஒலிபெருக்கிகள் தொங்குகின்றன. மேடையிலிருந்துள்ள தொலைவுக்கேற்பத் தாமதமும் கூடுகிறது. பார்வையை மறைக்கவும் எதுவும் இல்லை.

கம்பங்கள் உள்ள இடத்தில் விரிப்பைக் கம்பத்தின் காலடியில் போடாதீர்கள். அங்கே கம்பத்து ஒலி 10 டெசிபல் வரம்பை எளிதில் மீறிவிடுவதால் மாயம் கலைந்து, இசை கம்பத்துக்கே தாவிவிடும். சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலும் தாளக்கருவிகளைக் கவனியுங்கள். நீண்டு இழையும் குரலில் இரு ஒலிகளும் எளிதில் ஒன்றுகின்றன. சட்டென வெட்டி முடியும் ஒலிகளிலோ சில மில்லி வினாடி வேறுபாட்டையே காது பிரித்தறிந்துவிடும். பொறியாளரின் கணக்கு பிசகியிருந்தால், பாடகரைவிட முரசுதான் முதலில் அதைக் காட்டிக்கொடுக்கும்.